பவுத்திரப் புரையில் குடல் புற்றுநோய்

பேருந்து நிலையச் சுவரில் 'மூலம், பவுத்திரம்' நோட்டீஸைப் பார்க்காதவர் இருக்க முடியாது. இரண்டையும் சேர்த்தே சொல்லிச் சொல்லி, இரண்டும் ஒரே நோய் என்றே பலர் நினைக்கிறார்கள். மூலம் என்பது புடைத்த ரத்தக்குழாய். பவுத்திரம் வேறு. ஆசனவாயின் உள்ளே இருக்கும் சிறு சுரப்பி அடைபட்டுச் சீழ் பிடிக்கும். அந்தச் சீழ் சதைக்குள் வழி உண்டாக்கிக்கொண்டு வெளித்தோலில் உடையும். வடிந்த பிறகும் அந்த வழி தூராமல் புரையாக நின்றுவிட்டால் அதுதான் பவுத்திரம்.

பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லாத தொல்லை இது. ஆனால், மேலே பெருங்குடலிலோ மலக்குடலிலோ புற்றுநோய் இருந்தால் கதை மாறலாம். கட்டியிலிருந்து உதிரும் செல்கள் மலத்தோடு கீழே இறங்குகின்றன. முழுசாக இருக்கும் குடல் சவ்வில் அவை ஒட்டுவதில்லை, வெளியே போய்விடும். பவுத்திரத்தின் உள்வாய் அப்படியல்ல. அங்கே ரத்த ஓட்டம் மிகுந்த பச்சைப்புண் இருக்கிறது. வந்து விழும் செல் வேர்பிடிக்க அது போதும். ரத்தத்திலோ நிணநீரிலோ பரவாமல், குடல் வழியாகவே இறங்கிவந்து புற்று முளைக்கும் இந்த விசித்திரம் 1954-லேயே மருத்துவ இதழில் பதிவாகிவிட்டது. மூல அறுவைக் காயத்திலும் இப்படி நடந்ததுண்டு. மலக்குடல் புற்றுநோயை வெட்டியெடுத்துக் குடலை இணைக்கும் முன் பல சர்ஜன்கள் அந்தப் பகுதியைக் கழுவிவிடுவதும் இந்தப் பயத்தால்தான்.

மிக அரிது; பவுத்திரக்காரர்கள் எல்லோரும் பதற வேண்டாம். சிக்கல், கண்டுபிடிப்பதில்தான். ரத்தம் போனால் 'பழைய பவுத்திரம்தானே' என்று நோயாளியும் நினைக்கிறார், சில சமயம் மருத்துவரும் நினைக்கிறார். புரைக்கு அருகே புதிதாகத் தட்டுப்படும் கெட்டி, ஜெல்லி போன்ற கசிவு, அறுவைக்குப் பின்னும் ஆறாத புண் ஆகியவற்றைப் பழைய கணக்கில் எழுதக் கூடாது. அறுவையின்போது புரையிலிருந்து சுரண்டியெடுக்கும் அந்தத் துளித் திசு குப்பைக்குப் போகிறதா, ஃபார்மலின் பாட்டிலில் பயாப்ஸிக்குப் போகிறதா என்பதில் ஓர் ஆயுளே அடங்கியிருக்கலாம்.

பயாப்ஸியில் புற்றுநோய் என்று வந்தாலும் இன்னொரு கேள்வி மிச்சம். பல ஆண்டு அழற்சியால் பவுத்திரத்திலேயே உருவான புற்றா, மேலிருந்து வந்ததா? குடலிலிருந்து வந்த செல்கள் பொதுவாக சி.கே.20 என்ற புரதத்தைக் காட்டும், சி.கே.7-ஐக் காட்டாது. ஆசனவாய்ச் சுரப்பியில் பிறந்தவை பெரும்பாலும் நேர்மாறு. வந்ததுதான் என்றால் முழுக் குடலுக்கும் கொலனோஸ்கோபி கட்டாயம்; புற்று முதலில் தோன்றிய கட்டி எங்கோ மேலே இருக்கிறது.

மேலே உள்ள கட்டியை அகற்றுவதோடு, புரையையும் சுற்றியுள்ள சதையோடு முழுதாக எடுக்க வேண்டும். சுருக்குத்தசையைக் காப்பாற்ற முடிந்தவர்கள் உண்டு. அவர்களில் சிலர் நோய் திரும்பாமல் பல ஆண்டுகள் இருந்ததும் பதிவாகியிருக்கிறது. தசைக்குள் ஊடுருவியிருந்தால் ஆசனவாயையே அகற்றி, வயிற்றில் நிரந்தரமாகப் பை வைக்க வேண்டிவரும். ஆசனவாயின் கீழ்ப்பகுதி நிணநீர் தொடையிடுக்குக்குப் போவதால், அங்கே நெறி கட்டியிருக்கிறதா என்றும் பார்ப்பார்கள்.

குடல் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்தவர்கள் மறுபரிசோதனையில் ஸ்கேனையும் ரத்த ரிப்போர்ட்டையும் நீட்டுகிறார்கள்; பவுத்திரத்தைச் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். வெளித்தோலில் இருக்கும் அந்தத் துளை கொலனோஸ்கோபி கேமராவில் தெரியாது. மருத்துவர் கண்ணால் பார்த்து, கையுறை விரலால் தடவிப் பார்க்க வேண்டிய இடம் அது.