ஒத்தடத்துக்குப் பிறகு வரும் அரைமணி நேரம்

சாத்தான்குளம் பக்கம் போனால் தேரிக்காட்டுச் செம்மணலும் பனையும்தான் முதலில் கண்ணில் படும். பதநீர் இறங்கும் மாதங்களில் பனையேறுகிறவரின் முட்டுக்கு ஓய்வு கிடையாது. விடிலிக்குள் அடுப்பின் முன் குத்தவைத்து, பதநீர் பாகாகும்வரை காய்ச்சிக் கருப்பட்டி வார்க்கும் பெண்ணின் முட்டுக்கும் அதே கதிதான். தாமிரபரணிக் கரை ஊர்களில் பீடித்தட்டை மடியில் வைத்து, காலை மடக்கிப் பகல் முழுக்கத் தரையில் இருக்கும் பெண்கள் எத்தனையோ பேர். ஐம்பதைத் தாண்டும்போது, “ஏட்டி, முட்டு பிடிச்சிட்டு, எந்திரிக்க முடியல. கொஞ்சம் உப்ப வறுத்துக் கொண்டா” என்ற குரல் அநேகமாக எல்லா வீட்டிலும் கேட்கும்.

உடலமைப்புக்கும் வயதுக்கும் மட்டுமல்ல, உட்காரும் விதத்துக்கும் இதில் பங்குண்டு. இளவயதில் தினமும் நெடுநேரம் குத்தவைத்து உட்கார்ந்தவர்களுக்கு முதுமையில் முழங்கால் தேய்மானம் கூடுதலாக இருப்பதை, பீஜிங் முதியோரிடம் நடத்தி 2004இல் வெளியான ஆய்வு காட்டியது. இந்தியாவில் ஐந்து இடங்களில் 5,000 பேரைச் சோதித்து 2016இல் வெளியான ஆய்வில் 28.7 சதவீதம் பேருக்கு இந்தத் தேய்மானம் இருந்தது.

தூத்துக்குடி உப்பளத்துக் கல்லுப்பு, தவிடு, மணல், சுட்ட செங்கல், வதக்கிய நொச்சி இலை என்று எது கைக்குக் கிடைக்கிறதோ அதைத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பது இங்கே தலைமுறைப் பழக்கம். சித்த மருத்துவம் சொல்லும் 32 புற மருத்துவ முறைகளில் ஒற்றடமும் ஒன்று. 1964இல் தொடங்கிய பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் அது பாடமாகவே இருக்கிறது. அப்படியானால் அந்தச் சூடு தேய்ந்த முட்டுக்குள் என்ன செய்கிறது?

தேய்ந்த குருத்தெலும்பை அது வளர்க்காது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பலரும் அந்த நம்பிக்கையில்தான் மாதக்கணக்காக ஒத்தடம் கொடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போகாமல் இருக்கிறார்கள். குருத்தெலும்பில் ரத்தக்குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. ஆகவே வலி அங்கிருந்து வருவதில்லை. அதன் கீழுள்ள எலும்பு, மூட்டை மூடியிருக்கும் உறை, அதன் உட்புறச் சவ்வு, சுற்றியுள்ள தசைகள் ஆகியவையே வலியை அனுப்புகின்றன. வலிக்குப் பயந்து தொடைத் தசை இறுகுகிறது. இறுகிய தசை மூட்டை இன்னும் அழுத்துகிறது. காலை அசைக்காமல் வைத்திருந்தால் தசை மெலிந்து, மூட்டின் பாரத்தைத் தாங்க ஆளில்லாமல் போகிறது. சூடு வேலை செய்வது இந்தச் சங்கிலியின் நடுக் கண்ணியில். தோலிலும் அதன் அடியிலுள்ள தசையிலும் ரத்த ஓட்டம் கூடுகிறது, தசை தளர்கிறது, மூட்டைச் சுற்றிய நார்த்திசு சற்றே இளகுகிறது.

வலி குறைவதற்கு நரம்பு வழியிலும் காரணம் உண்டு. தோலிலிருந்து வரும் இதமான உணர்வுகள், தண்டுவடத்திலேயே வலிச் செய்தியை மட்டுப்படுத்த முடியும் என்ற கருத்தை ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் இருவரும் 1965இல் முன்வைத்தார்கள். இதம் எந்த இடத்தில் வலியாக மாறுகிறது என்பதற்கு விடை மிளகாயிலிருந்து கிடைத்தது. மிளகாயின் காரத்தை உணரும் நரம்பு வாயிலை டேவிட் ஜூலியஸ் குழு 1997இல் கண்டுபிடித்தது. 43 டிகிரி செல்சியஸ் அளவில் சூடு பட்டாலும் திறந்துகொள்வது அதே வாயில்தான். ஜூலியஸுக்கும் ஆர்டெம் பட்டபூட்டியனுக்கும் 2021இன் மருத்துவ நோபல் கிடைத்தது. நல்ல ஒத்தடம் என்பது அந்த 43 டிகிரிக்குக் கொஞ்சம் கீழேயே நிற்பது. ‘பொறுக்கும் சூடு’ என்று ஆச்சிமார் கைப்பட அறிந்து வைத்திருந்த அளவும் ஏறக்குறைய அதுதான்.

அந்த அளவைக் காப்பது உப்பு மூட்டையில் சிரமம். சட்டியில் வறுபடும் உப்பும் மணலும் 100 டிகிரியைச் சுலபமாகத் தாண்டிவிடும். வெந்நீர்ப் பைக்கு அந்த ஆபத்து குறைவு. மறுபக்கம், ஒரு கிலோ தண்ணீர் ஒரு டிகிரி ஆறும்போது விடும் வெப்பத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் ஒரு கிலோ உப்பு விடும். அதனால் உப்பு ஒத்தடம் எடுத்தவுடன் சுட்டு, சீக்கிரம் ஆறிப்போகிறது. மூட்டையை அழுத்தி வைக்காமல் ஒற்றி ஒற்றி எடுப்பது இதற்காகத்தான் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும், ஓடும் ரத்தம் தோலின் சூட்டை வாங்கிக்கொண்டு போய்விடுகிறது.

ஆய்வுகள் சொல்வது அடக்கமாகவே இருக்கிறது. மூட்டுத் தேய்மானத்துக்கு வெப்ப, குளிர் சிகிச்சைகள் பற்றி 2003இல் வெளியான காக்ரேன் திறனாய்வுக்குக் கிடைத்தவை 179 பேர் பங்கேற்ற மூன்றே சோதனைகள். அவற்றில் பனிக்கட்டியால் நீவியவர்களின் மூட்டசைவும் வலுவும் மேம்பட்டன. சூட்டுப் பையால் வீக்கம் வடியவில்லை. அமெரிக்க வாதநோயியல் கல்லூரியின் 2019 வழிகாட்டியில் உடற்பயிற்சிக்கும் எடைக் குறைப்புக்கும் வலுவான பரிந்துரை, சூட்டுக்கும் குளிருக்கும் நிபந்தனையுடன் கூடிய பரிந்துரை. மாத்திரை என்றால் போலி மாத்திரை கொடுத்து ஒப்பிடலாம். சூடு இல்லாத பையைச் சூடான பை என்று யாரிடமும் நம்பவைக்க முடியாது. இந்தத் துறையில் உறுதியான முடிவு அரிதாக இருப்பதற்கு இது முக்கியக் காரணம்.

ஆனால் எனக்கு மிகவும் பயனுள்ளதாகத் தோன்றுவது துருக்கியில் 100 பெண்களிடம் நடத்தி 2008இல் வெளியான ஆய்வு. சூட்டுப் பை, ஷார்ட்வேவ், அல்ட்ராசவுண்ட் போன்ற சிகிச்சைகளை முதலில் பெற்று, அதன்பின் தசைப் பயிற்சி செய்தவர்கள், பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட அதிகப் பலன் கண்டார்கள். வலியும் குறைந்தது, பயிற்சியும் கூடுதலாகச் செய்ய முடிந்தது. நம் வீடுகளில் நடப்பது இதற்கு நேர்மாறு. ஒத்தடம் கொடுத்துவிட்டுப் போர்த்திப் படுத்துவிடுகிறோம். தசை இளகி, வலி அடங்கியிருக்கும் அந்த நேரம் வீணாகப் போகிறது.

பதினைந்து, இருபது நிமிட ஒத்தடம் முடிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும்வரை பிடித்து, மெதுவாக இறக்க வேண்டும். படுத்தபடி முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து அதைக் கீழ்நோக்கி அமுக்கலாம். பத்துப் பத்து முறை போதும். தொடையின் முன்தசை வலுத்தால் முட்டின் பாரம் இறங்கும். எடை கூடியவர் ஒரு கிலோ குறைத்தால், நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் சுமார் நான்கு கிலோ பாரம் குறையும். பயிற்சியை நேரில் கற்றுக்கொள்ள வேண்டுமானால், 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் நடமாட முடியாதவர்களின் வீட்டுக்கே இயன்முறை சிகிச்சையாளர் வருகிறார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

சர்க்கரை நோயாளிகள் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருக்க வேண்டும். 2023இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின் கணக்குப்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் உள்ளது. பல ஆண்டுகள் சர்க்கரை இருந்தால் கால் நரம்பு மரத்து, பொறுக்கும் சூட்டுக்கும் சுடும் சூட்டுக்கும் வித்தியாசம் தெரியாது. 44 டிகிரிச் சூடு தோலைப் பொசுக்க ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஆகும், 60 டிகிரிக்கு ஐந்து விநாடி போதும் என்று 1947லேயே அளந்து சொல்லியிருக்கிறார்கள். அதனால் மூட்டையின் சூட்டை நல்ல உணர்வுள்ள இன்னொருவர் தம் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்த்துவிட்டே கொடுக்க வேண்டும். கால் மரத்துப்போனவர்களுக்குச் சூட்டு ஒத்தடம் வேண்டவே வேண்டாம். ஒரே இடத்தில் நாள்தோறும் சூடு பட்டுத் தோலில் வலைபோலக் கருஞ்சிவப்புக் கோடுகள் தெரிந்தாலும் நிறுத்திவிட வேண்டும்.

முட்டு திடீரென வீங்கிச் சிவந்து, தொட்டாலே கொதித்தால், கூடவே காய்ச்சலும் இருந்தால், அது சாதாரணத் தேய்மானம் அல்ல. மூட்டுக்குள் கிருமித்தொற்றாக இருக்கலாம், யூரிக் அமிலப் படிகங்களால் வரும் கவுட்டாக இருக்கலாம். அப்போது அடுப்பில் உப்பை வறுத்துக்கொண்டிருக்க வேண்டாம், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காலையில் எழுந்தபின் மூட்டு விறைப்பு அரை மணி நேரத்துக்கும் மேல் நீடித்தாலும் முடக்குவாதம் இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. அதற்கான மருந்துகளை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவுக்கு மூட்டு காப்பாற்றப்படும்.