கல் வைத்து ஓட்டுப் போட்ட பெண்கள்

தரையில் வரிசையாகப் பட அட்டைகள். கர்ப்பிணிக்கும் பச்சிளங்குழந்தைக்கும் வரக்கூடிய தொல்லைகள் அவற்றில் வரையப்பட்டிருக்கின்றன. பெண்கள் ஒவ்வொருவராக எழுந்துவந்து, தங்கள் ஊரை அதிகம் வாட்டும் பிரச்சினையின் மேல் கூழாங்கல் வைக்கிறார்கள். அதிகக் கல் விழுந்த அட்டையைப் பற்றித்தான் அடுத்தடுத்த கூட்டங்களில் பேச்சு. எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் ஹோ, சந்தால், முண்டா பழங்குடியினர் வாழும் ஊர்களில் ‘ஏக்ஜூட்’ தொண்டு நிறுவனம் நடத்திய கூட்டங்கள் இவை. 2005 முதல் 2008 வரை மூன்று மாவட்டங்களில் 36 பகுதிகளை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் 18-ல் மட்டும் இந்தப் பெண்கள் குழுக்களைக் கூட்டினார்கள். நடத்தியவர் டாக்டரோ நர்ஸோ அல்ல. அந்தந்தப் பகுதிப் பெண்தான்.

அவர் அறிவுரை சொல்வதில்லை, ஒரு கதை சொல்வார். குழந்தை ஏன் இறந்தது? தொப்புள்கொடி வழியாகக் கிருமி தொற்றியது. ஏன்? அறுத்த பிளேடு சுத்தமில்லை. ஏன்? புது பிளேடு வாங்கிவைக்கவில்லை. ஏன்? கையில் காசில்லை. இப்படிக் கேட்டுக்கொண்டே போனால், தாயின் மேல் பழி போட்டுவிட்டு யாரும் எழுந்துபோக முடியாது. என்ன செய்யலாம் என்பதையும் குழுவே முடிவெடுத்து, ஊரைக் கூட்டிச் சொல்லும். ஒரு சுற்றுக்கு 20 கூட்டங்கள்.

முடிவுகள் 2010-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளிவந்தன. குழுக்கள் இல்லாத பகுதிகளோடு ஒப்பிட்டால், இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் பச்சிளங்குழந்தை இறப்பு 45 சதவீதம் குறைவு. இத்தனைக்கும் ஆஸ்பத்திரிப் பிரசவம் பெரிதாகக் கூடிவிடவில்லை. வீட்டில் பிரசவம் பார்ப்பவர் கை கழுவினார், கொடியைக் கட்டும் நூலைக் கொதிக்கவைத்தார். என்னை அதிகம் அசைத்தது இன்னொரு தகவல்: மூன்றாம் ஆண்டில் தாய்மார்களிடையே மிதமான மனச்சோர்வு 57 சதவீதம் குறைவாக இருந்தது. அதற்கென்று யாரும் மாத்திரை தரவில்லை. தன் துயரத்தைச் சொல்லவும், அதைக் காதுகொடுத்துக் கேட்கவும் ஓர் இடம் கிடைத்ததுதான் காரணம் என்றே நான் நம்புகிறேன்.

2014-ல் உலக சுகாதார நிறுவனம் இம்முறையைப் பரிந்துரைத்தது. பிறகு, அரசின் கிராமச் சுகாதாரப் பணியாளர்களான ‘ஆஷா’க்களே குழுக்களை நடத்திய ஆய்விலும் பச்சிளங்குழந்தை இறப்பு 31 சதவீதம் குறைந்தது. ஆக, அரசு அமைப்புக்குள்ளேயே இது சாத்தியம். ஆனால் ஊக்கத்தொகையை நம்பி வாழும் ஆஷாவின் தலையில் இன்னொரு வேலையாக இதைக் கட்டினால், இருபது கூட்டங்களும் கையெழுத்து வாங்கும் சடங்காகிவிடும். கூட்டம் நடத்தும் நேரத்துக்கு முறையான ஊதியம் கொடுங்கள். என்ன பேசுவது என்பதை அந்தப் பெண்களின் கூழாங்கற்களுக்கு விடுங்கள்.