மின்மினி இருக்கா, இல்லையா?

தஞ்சாவூர்ப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. நாளைக்கு அங்கே குழந்தைகளின் ஆய்வுக் கண்காட்சி. வருகிறவர்கள் பளிச்சென்ற சார்ட்டுகளைப் பார்த்துக் கைதட்டிவிட்டுப் போவார்கள். நமக்கு அதைவிடப் பெரிய அதிர்ஷ்டம்: முந்தின நாளே நாலாம் வகுப்புக்குள் நுழைய டீச்சர் சம்மதித்துவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு வாங்க. பார்த்துக் கால் வையுங்க, தரையெல்லாம் பசை!

அடேயப்பா, என்ன களேபரம்! ஜன்னலுக்கு ஜன்னல் கயிறு கட்டி, துணி காயப்போடும் கிளிப்பில் புத்தகங்களைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். அரசின் வாசிப்பு இயக்கம் தந்த புத்தகங்கள். நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகள். 'பற' வரிசையில் ஒன்றைக் கையில் வைத்திருப்பவனின் நடையே வேறு. தரையில் மூடி தொலைத்த ஸ்கெட்ச் பேனாக்கள், பாதி கடித்த கொய்யா, யாருடையது என்று தெரியாத ஒற்றை ஹேர்பேண்ட்.

மூலையில் ஒரு கூட்டம் தலையோடு தலை முட்டிக் குனிந்திருக்கிறது. எட்டிப் பாருங்க. தூக்கணாங்குருவிக் கூடு! வாய்க்கால் ஓரப் பனையிலிருந்து காற்றில் விழுந்த பழைய கூடு. குருவிக் கதை ஒன்றைப் படித்ததில் ஆரம்பித்ததாம் இந்த ஆய்வு. வகுப்பில் படித்ததை ஒருத்தி வீட்டில் போய்ச் சொல்ல, அவளுடைய அப்பாயி, "கூட்டுக்குள்ள களிமண்ண ஒட்டி, அதுல மின்மினிப் பூச்சியப் பதிச்சு வெளக்கு வெச்சிக்கும்டி" என்றிருக்கிறார். புத்தகத்தில் அப்படி எதுவும் இல்லை. மறுநாள் வகுப்பே இரண்டாகப் பிரிந்துவிட்டது: அப்பாயி கட்சி, புத்தகக் கட்சி.

இதோ இப்போது தீர்ப்பு நேரம். ஒரு பெண் கூட்டின் நார்களை ஒவ்வொன்றாக உருவுகிறாள். மூக்கு நுனியில் வியர்வை. துடைக்கக் கை இல்லை, பக்கத்திலிருப்பவன் தன் சட்டையால் ஒற்றிவிடுகிறான். எவ்வளவு மெல்லிய கீற்று, என்ன பின்னல்! உள்சுவரில் விரல் தட்டுகிறது. "மண்ணு! மண்ணு இருக்கு!" அப்பாயி கட்சி குதிக்கிறது. காய்ந்த மண்கட்டியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். பூச்சியைக் காணோம். இப்போது புத்தகக் கட்சியின் முறை. அந்தக் கூச்சலில் பக்கத்து வகுப்பு டீச்சரே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அப்புறம் மண் எதற்கு? காற்றில் கூடு அலையாமல் இருக்க, எடைக்காக இருக்கலாம் என்று ஒரு கருத்து உண்டு என்கிறார் டீச்சர். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு காகிதக் கப்புகள் கயிற்றில் தொங்குகின்றன. ஒன்றில் மண், ஒன்று வெறும் கப். நாலு பேர் பரீட்சை அட்டையால் விசிறுகிறார்கள். வெறும் கப் பம்பரமாய்ச் சுழல, மண் கப் நிதானமாக ஆடுகிறது. ஆடி, ஆடி, கயிறு அறுந்து சார்ட்டின் மேலேயே விழுகிறது! தலைப்பு முழுக்க மண். டீச்சருக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை.

சார்ட்டைத் தட்டித் துடைக்கிற நேரத்தில் டீச்சர், பறவை ஆய்வாளர் சாலிம் அலியின் கதையை எடுக்கிறார். 1930இல், கையில் வேலை இல்லாத காலத்தில், பம்பாய்க்கு அருகே கிஹிம் என்ற கடலோரக் கிராமத்தில் இந்தக் குருவிகளைத்தான் அவர் நாள்கணக்கில் கவனித்தார். ஆண் குருவி கூட்டைப் பாதி கட்டியதும் பெண் வந்து பார்க்கும், பிடித்தால்தான் குடிவரும், அப்புறம்தான் ஆண் மீதியைக் கட்டி முடிக்கும். "புடிக்கலன்னா?" என்று ஒரு குரல். "எங்கப்பாவும் கொத்தனார்தான் டீச்சர், அம்மா சொன்னாத்தான் பூசுவாரு" என்று இன்னொன்று. வகுப்பே உருள்கிறது!

கடையில் படம் வாங்கி ஒட்டி, அப்பா அம்மா எழுதிக் கொடுப்பதை எத்தனையோ வீடுகளில் புராஜெக்ட் என்கிறோம். அதில் குழந்தைக்கு என்ன மிச்சம்? இங்கே புத்தகம் கேள்வியைக் கிளப்புகிறது, கேள்வி கூட்டைப் பிரிக்க வைக்கிறது, கூடு மறுபடியும் புத்தகத்தைத் தேட வைக்கிறது. கயிற்றில் தொங்கியவற்றில் பறவைப் படம் போட்டது எதுவும் இப்போது மிச்சமில்லை, எல்லாம் யாரோ ஒருவர் மடியில்.

கடைசியில் முடிவை எழுத வேண்டும். ஒருவன் பேனாவைத் திறந்து, "மின்மினி கிடையாதுன்னு எழுதிரவா?" என்கிறான். நாரை உருவிய பெண் தடுக்கிறாள்: "ஒரு கூட்டத்தானே பாத்தோம்?" ஐயோ என்று எல்லாரும் தலையில் கை வைக்கிறார்கள். ஆனால் அவள் சொல்வது சரி என்று அத்தனை பேருக்கும் தெரிகிறது. முடிவுக்கான கட்டத்தைக் காலியாக விட்டே நாளை சார்ட்டை மாட்டப் போகிறார்கள். சனிக்கிழமை வாய்க்கால் ஓரம் விழுந்து கிடக்கும் கூடுகளைத் தேடப் போகிறார்களாம். நானும் வரட்டுமா என்றேன்.

"வாங்க சார். ஆனா மரத்துல இருக்கிற கூட்டத் தொடக் கூடாது, சரியா?"