விசிறி சுழல்கிறது, காற்று வீசுகிறதா?

சூடான காப்பியை டவராவில் ஆற்றிக் குடிப்பது நம் வீடுகளில் தினந்தோறும் நடக்கும் காரியம். காற்றுப் பட்டால் சூடு தணியும் என்பதைக் குழந்தையும் அறியும். மேஜைமீதுள்ள கணிப்பொறி முதல், ஆஸ்பத்திரியில் நோயாளிக்குச் சுவாசம் ஊட்டும் யந்திரம் வரையில், எத்தனையோ மின்னணுச் சாதனங்கள் இந்த எளிய தத்துவத்தை நம்பியே இயங்குகின்றன.

மின்சுற்றுப் பலகை ஒன்று 100 வாட் மின்சாரத்தைச் செலவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய அவ்வளவும் உஷ்ணமாகவே வெளிப்படும். அந்த உஷ்ணத்தைச் சுமந்து செல்லும் காற்று 10 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடேறாதிருக்க வேண்டுமானால், விநாடிக்குச் சுமார் 8 லிட்டர் காற்று பலகையின்மீது ஓட வேண்டும். ஆகவேதான் பெட்டிக்குள் சிறு விசிறியை அமைக்கிறார்கள்.

இது புதிய கவலையன்று. 1946-ம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், பென்ஸில்வேனியா சர்வகலாசாலையார் 'எனியாக்' என்னும் கணிப்பொறியை வெளியுலகுக்குக் காட்டினார்கள். அதில் ஏறக்குறைய 18,000 வால்வுகள். அது உண்ட மின்சாரம் சுமார் 150 கிலோவாட்! விசைக் காற்றால் அதைக் குளிர்வித்தார்கள். சூடு எல்லை மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் காவற் கருவிகளையும் பொருத்தினார்கள்.

ஆனால் சூட்டை மட்டும் காவல் வைத்தால் போதுமா? காற்று நின்றதும் உலோகப் பாகங்கள் உடனே கொதித்துவிடுவதில்லை. சிறிது சிறிதாகவே சூடேறுகின்றன. அபாயம் முற்றிய பிறகே செய்தி வரும். விசிறியின் சுற்றுக்களை எண்ணலாமே என்றால், அதிலும் ஏமாற்றம் உண்டு. வடிகட்டியில் தூசி அடைத்துக்கொண்டாலும், பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்தாலும், விசிறி ஜோராகச் சுழலும். காற்று மட்டும் நகராது. பாகவதரின் வாய் அசைகிறது என்பதற்காகப் பாட்டுக் கேட்கிறது என்று சொல்லிவிட முடியுமா? ஆகையால், காற்றையே நேரில் விசாரிக்க வேண்டியிருக்கிறது.

விரலை நனைத்து உயர்த்திக் காற்றை அறிகிறோம் அல்லவா? கருவி செய்வதும் ஏறக்குறைய அதுவே. 1914-ல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் லூயி கிங் என்ற பௌதிக அறிஞர், சூடேற்றிய மெல்லிய கம்பி காற்றில் எவ்வளவு உஷ்ணத்தை இழக்கிறது என்று கணக்கிட்டார். காற்றின் வேகம் 4 மடங்கானால், அதனால் ஏற்படும் கூடுதல் உஷ்ண இழப்பு 2 மடங்காகும். மந்தமான காற்றில் சிறு மாறுதலும் நன்றாகப் புலப்படும் என்பது இதனால் விளங்கும்.

இக்காலத்தில் கம்பிக்குப் பதிலாகத் 'தெர்மிஸ்டர்' என்னும் சிறு மணிகள் இரண்டைப் பலகையில் அமைப்பதுண்டு. ஒன்றை மின்சாரத்தால் சூடாக்கி வைக்கிறார்கள். மற்றொன்று சுற்றுக் காற்றின் உஷ்ணத்தை மட்டும் சொல்லும். காற்று வீசும் வரையில் இரண்டுக்கும் உள்ள வேற்றுமை குறைவு. காற்று நின்றால் வேற்றுமை பெருகும், மணி ஒலிக்கும். இரண்டாவது மணி எதற்கு? சித்திரை வெயிலில் அறையே கொதிக்கும்போது, 'காற்று நின்றுவிட்டது' என்று முதல் மணி வீணாகக் கூச்சலிடாதிருப்பதற்கு!

அம்மணிகளை வைக்கும் இடத்திலும் சூட்சுமம் உண்டு. ஆற்றங்கரையோரத்தில் நீர் மெதுவாக ஓடுவதுபோல், பலகையை ஒட்டிய காற்றும் மந்தமாகவே ஓடும். ஆதலால் மெல்லிய கால்களில் சற்று உயர்த்தி வைக்க வேண்டும். பெரிய பாகங்களின் மறைவிலோ, சூடான பாகத்தைத் தாண்டி வரும் காற்றிலோ வைத்தால் தவறான சாட்சியே கிடைக்கும்.

வீட்டிலுள்ளவர்களுக்கு இத்தனை கருவிகள் வேண்டுவதில்லை. கணிப்பொறியின் காற்று வெளிவரும் துவாரத்துக்கு எதிரே மெல்லிய காகிதத் துண்டு ஒன்றைப் பிடித்துப் பாருங்கள். விசிறியின் ஓசை கேட்டும் காகிதம் அசையவில்லையென்றால், தூசி தட்டும் நாள் வந்துவிட்டது என்று அறிந்துகொள்ளலாம்.