பிரேக் இல்லாத சைக்கிளில் கொல்லிமலையா? 70 கொண்டை ஊசி வளைவிலும் வாய்பிளந்து நிற்கும் ஆபத்து!

நாமக்கல்,

கொல்லிமலை என்றால் வல்வில் ஓரி நினைவுக்கு வருவான். அறப்பளீசுவரர் கோவில் வரும். ஆகாய கங்கை அருவி வரும். சைக்கிள் பிரியர்களைக் கேட்டால் ஒரே பதில்தான் வரும். "70 வளைவு!"

காரவள்ளி அடிவாரத்தில் தொடங்குகிறது அந்தப் பாதை. பாம்பு போல வளைந்து வளைந்து மேலே ஏறுகிறது. மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை உண்டு. மலையின் மேல்மட்டம் கடல் மட்டத்தில் இருந்து 1,000 முதல் 1,300 மீட்டர் உயரம்.

மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு மட்டும் பிடித்த பாதை அல்ல இது. சென்னை, கோவை, சேலம் என்று பல ஊர்களில் இருந்தும் வாலிபர்கள் சைக்கிளிலேயே ஏறிப் பார்க்க வருகிறார்கள். தலையில் ஹெல்மெட். உடம்போடு ஒட்டிய சட்டை. சட்டைப் பையில் வாழைப்பழம், கடலை மிட்டாய்.

இந்தக் கூட்டத்தில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. "பிக்சட் கியர் சைக்கிளை கொல்லிமலைக்குக் கொண்டு போகலாமா?" இதை வைத்து டீக்கடை பெஞ்சில் ஒரு பட்டிமன்றமே நடக்கும்.

கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கும். ஆனால் இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். விவரம் வருமாறு:-

அது என்ன சைக்கிள்?

நாம் ஓட்டுகிற சைக்கிளில் பின்சக்கரத்தில் "பிரீவீல்" இருக்கிறது. இறக்கம் வந்தால் பெடலை மிதிக்காமல் காலை சும்மா வைத்துக்கொள்ளலாம். "கிர்ர்ர்" என்ற சத்தத்தோடு வண்டி தானாக உருளும்.

பிக்சட் கியரில் அந்த வேலையே நடக்காது. பிரீவீல் கிடையாது. பின்சக்கரப் பல்லும் சக்கரமும் ஒன்றோடு ஒன்று இறுகி இருக்கும். சக்கரம் சுற்றினால் பெடல் சுற்றும். பெடல் சுற்றினால் காலும் சுற்றியே ஆகவேண்டும்!

வீட்டில் குழந்தை ஓட்டும் மூன்று சக்கர சைக்கிளைப் பாருங்கள். முன்சக்கரத்தோடு பெடலும் சேர்ந்து சுற்றும். சர்க்கஸ்காரர் ஓட்டும் ஒற்றைச் சக்கர சைக்கிளும் அப்படித்தான். அதே தத்துவம்தான் இது.

ஓட்டுகிறவர் காலை எதிர்ப்பக்கமாக அழுத்தினால் வேகம் குறையும். உடம்பை முன்னால் சாய்த்து, காலை இறுக்கிப் பூட்டினால் பின்சக்கரம் சுற்றாமல் தரையில் தேய்ந்து நிற்கும். "கால்தான் பிரேக், கைப்பிரேக் எதற்கு?" என்று சிலர் பிரேக்கைக் கழற்றி வீசுவது இதனால்தான்.

டீக்கடை கச்சேரி

இந்த சைக்கிள்காரரும் கியர் சைக்கிள்காரரும் ஒன்று சேர்ந்தால் போதும். கிண்டலுக்குப் பஞ்சமே இருக்காது.

"என்ன மச்சான், பிரேக் வாங்கக் காசில்லையா? சொல்லு, நாங்க வசூல் பண்ணித் தர்றோம்" என்று ஒருவர் ஆரம்பிப்பார்.

"பிரேக்குன்னா வேகத்தைக் குறைக்கிற சாமான். மெதுவா போகவா நான் சைக்கிள் வாங்கினேன்?" என்று பதில் பாயும்.

"உன் சைக்கிள்ல 21 கியர் இருக்கு. நீ போடுறது ரெண்டே ரெண்டு. மிச்சம் 19-ஐயும் கழற்றிக் கொடு. எடைக்குப் போட்டு எல்லாரும் டீ குடிக்கலாம்" என்று எதிர்த்தாக்குதல் நடக்கும்.

"இறக்கத்துல நீ காலை ஆட்டுறதைப் பார்த்தா, தீபாவளிக்கு முந்தின நாள் டெய்லர் மெஷின் மிதிக்கிற மாதிரி இருக்குடா" என்பார் இன்னொருவர். பெஞ்சே குலுங்கும்.

நாமக்கல் பக்கத்து டீக்கடைக்காரருக்கு இந்த சைக்கிள் புது தினுசு. "ஏனுங் தம்பி, புது சைக்கிளாட்ட இருக்குது. பிரேக்கு எங்கீங்? கடைக்காரர் ஏமாத்திப் போட்டாருங்களா?" என்று கேட்டால், பதில் சொல்லத் தெரியாமல் விழிக்க வேண்டியதுதான்.

உண்மையில் அத்தனை பேச்சிலும் உருப்படியான கேள்வி அந்த டீக்கடைக்காரர் கேள்விதான்!

பிறந்த இடம் பந்தய ஓடுதளம்

பிரேக் இல்லாத சைக்கிள் யாரோ குறும்புக்காகக் கண்டுபிடித்தது அல்ல. அது பந்தய ஓடுதளத்தின் சொந்தப் பிள்ளை.

டெல்லி இந்திரா காந்தி விளையாட்டு வளாகத்தில் அப்படி ஒரு ஓடுதளம் இருக்கிறது. 2010 காமன்வெல்த் போட்டிக்காக உருவானது. மரத்தளம். ஒரு சுற்று 250 மீட்டர். வளைவுகளில் தளம் சுவர் போல சாய்ந்து நிற்கும்.

அங்கே எல்லோரும் ஒரே திசையில் பறப்பார்கள். எதிரே வண்டி வராது. ஒருவர் திடீரென்று பிரேக் போட்டால்தான் பின்னால் வருகிறவர்கள் மோதி விழுவார்கள். அதனால் ஓடுதளப் பந்தய சைக்கிளில் பிரேக் வைக்கவே கூடாது என்பது விதி.

ஜப்பானில் 1948-ல் தொடங்கிய "கெய்ரின்" பந்தயமும் இந்த ரகம்தான். பணம் கட்டிப் பந்தயம் வைக்கும் இந்த விளையாட்டு, 2000-ல் சிட்னி ஒலிம்பிக்கிலேயே இடம் பிடித்துவிட்டது.

நம் நாட்டு வீரர்களும் சளைத்தவர்கள் அல்ல. அந்தமானைச் சேர்ந்த ஈசோ ஆல்பன், மணிப்பூரைச் சேர்ந்த ரொனால்டோ சிங் ஆகியோர் இருந்த இந்திய அணி, 2019-ல் ஜெர்மனியில் நடந்த ஜூனியர் உலகப் போட்டியில் தங்கம் வென்றது. 2022-ல் டெல்லியில் நடந்த ஆசியப் போட்டியில் ரொனால்டோ சிங் வெள்ளி வாங்கினார். இவர்கள் போட்டியில் ஓட்டியதும் பிரேக் இல்லாத பிக்சட் கியர்தான்.

ஆனால் அது ஓடுதளம். காரவள்ளி ரோடு அப்படியா? எதிரே பஸ் வரும். லாரி வரும். மோட்டார் சைக்கிள் வரும். சொல்லாமல் கொள்ளாமல் குரங்கு குறுக்கே பாயும்!

கணக்குப் போட்டால் தலை சுற்றும்

முன்னால் 48 பல், பின்னால் 16 பல் உள்ள ஒரு பிக்சட் கியர் சைக்கிளை எடுத்துக்கொள்வோம். பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரம் 3 சுற்று சுற்றும். வண்டி சுமார் 6.3 மீட்டர் நகரும்.

மலை ஏறும்போது வேகம் மணிக்கு 8 கிலோ மீட்டர் என்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு 21 சுற்றுதான். ஒரு சுற்றுக்கு 3 விநாடி! ஒவ்வொரு மிதியும் அரிசி மூட்டையைத் தள்ளுவது போல இருக்கும். முழங்கால் கெஞ்சும்.

இறங்கும்போது கதை தலைகீழ். 40 கிலோ மீட்டர் வேகத்தில் கால் நிமிடத்துக்கு 106 தடவை சுற்றவேண்டும். 60 கிலோ மீட்டரைத் தொட்டால் 159 தடவை!

அந்த வேகத்தில் கால் பெடலை ஓட்டாது. பெடல்தான் காலை ஓட்டும். பிடி நழுவினால் சுற்றுகிற பெடல் கெண்டைக்காலைப் பதம் பார்க்கும். விட்ட பெடலை மறுபடி பிடிப்பது, ஓடுகிற மின்விசிறியில் விரலை வைப்பது போல.

வளைவில் இன்னொரு வம்பு. சாதாரண சைக்கிளில் வளைவு வந்தால் உள்பக்கப் பெடலை மேலே தூக்கி வைத்துக்கொண்டு சாயலாம். இதில் பெடல் நிற்காது. அதிகம் சாய்ந்தால் உள்பக்கப் பெடல் ரோட்டில் இடிக்கும். பின்சக்கரம் துள்ளும். ஆள் அவ்வளவுதான். இப்படி ஒன்றல்ல, இரண்டல்ல, 70 வளைவு!

செயின் கழன்றால்?

சரி, காலை இறுக்கி நிறுத்திவிடலாமே என்று கேட்கலாம்.

நிறுத்தும்போது பாரம் முழுவதும் முன்சக்கரத்துக்குப் போய்விடும். இறக்கத்தில் அது இன்னும் அதிகம். பின்சக்கரம் லேசாகிவிடும். லேசான சக்கரம் தேய்ந்துகொண்டே போகுமே தவிர, வண்டியைச் சட்டென்று நிறுத்தாது. முன்பிரேக்தான் உண்மையில் சைக்கிளை நிறுத்துகிற பிரேக்.

அதைவிட முக்கியம் ஒன்று உண்டு. காலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு செயின். அது கழன்றாலோ அறுந்தாலோ கால் பிரேக்கும் போச்சு. கைப்பிரேக்கும் இல்லை. கீழே பள்ளத்தாக்கு!

ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்று வைப்போம். 1,000 மீட்டர் உயரத்தில் இருந்து இறங்கும்போது வெளியாகும் சக்தி, இரண்டு லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடும். காற்று கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மீதி முழுவதையும் பிரேக்தான் தாங்கவேண்டும். பிரேக் இல்லை என்றால் தாங்குவது யார்? தொடையா?

சியோலில் மாணவன் பலி

இது வெறும் பூச்சாண்டி அல்ல.

2025 ஜூலையில் தென்கொரியத் தலைநகர் சியோலில் நடந்த சம்பவம் இது. பள்ளி மாணவன் ஒருவன் பிரேக் இல்லாத பிக்சட் கியர் சைக்கிளில் இறக்கத்தில் வந்தான். நிறுத்த முடியவில்லை. ஒரு கட்டிடத்தின் வெளியே இருந்த ஏ.சி. பெட்டி மீது மோதி உயிர் இழந்தான். அடுத்த மாதமே அந்த நாட்டுப் போலீசார் பிரேக் இல்லாத சைக்கிள்களைப் பிடிக்கத் தொடங்கினார்கள். பிள்ளைகள் சிக்கினால் பெற்றோருக்கும் எச்சரிக்கை போனது.

லண்டனில் 2016 பிப்ரவரியில் முன்பிரேக் இல்லாத பிக்சட் கியர் சைக்கிள் ஒன்று, ரோட்டைக் கடந்த பெண் மீது மோதியது. அந்தப் பெண் இறந்தார். ஓட்டிய வாலிபருக்கு 2017-ல் 18 மாத தண்டனை கிடைத்தது. எந்தச் சட்டத்தில் தெரியுமா? குதிரை வண்டிக் காலத்து 1861-ம் ஆண்டு சட்டத்தில்!

ஒரு சம்பவத்தில் ஓட்டியவன் செத்தான். இன்னொன்றில் ரோட்டில் போனவர் செத்தார். "என் உயிர், என் இஷ்டம்" என்று சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட சாட்சி வேண்டுமா? காரவள்ளி ரோட்டில் பெண்டு பிள்ளைகளோடு மொபெட்டில் மலை ஏறுகிற குடும்பமும் வரும்.

லாரி டிரைவர் சொல்லும் பாடம்

நாமக்கல் லாரிக்குப் பேர் போன ஊர். அனுபவம் உள்ள எந்த டிரைவரைக் கேட்டாலும் மலைப்பாதைக்கு ஒரே மந்திரம்தான் சொல்வார். "ஏறின கியர்லயே இறங்கணும். நியூட்ரல் போட்டா காலி."

இஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும் தந்திரம் அது. பிக்சட் கியரில் காலை எதிர்த்து அழுத்துவதும் ஏறக்குறைய அதே வித்தைதான். ஆனால் ஒரு வித்தியாசம். இஞ்சின் பிடிக்கிறது என்பதற்காக எந்த லாரிக்காரரும் பிரேக்கைக் கழற்றிப் போட்டுவிட்டு மலை இறங்கமாட்டார்!

மலைப்பாதை விதி ஒன்றும் உண்டு. குறுகலான இடத்தில், இறங்குகிற வண்டி நின்று, ஏறுகிற வண்டிக்கு வழி விடவேண்டும். நிற்கவே முடியாத வண்டி எப்படி வழி விடும்?

என்னதான் வழி?

பிக்சட் கியர் பிரியர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். கொல்லிமலையை மறக்கவும் வேண்டாம். வழி இருக்கிறது.

முதல் வழி, கைப்பிரேக் பொருத்துவது. முன்பிரேக் கண்டிப்பாக வேண்டும். இறங்கும்போது பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வரக்கூடாது. ரிம் சூடேறி டியூப் வெடிக்கும். விட்டு விட்டுப் பிடிக்கவேண்டும். நடுநடுவே ஓரமாக நிறுத்தி ரிம்மை ஆறவிடவேண்டும்.

இரண்டாவது வழி, சக்கரத்தைத் திருப்புவது. பல பிக்சட் கியர் சைக்கிள்களில் பின்சக்கரத்தின் ஒரு பக்கம் இறுகிய பல், மறுபக்கம் பிரீவீல் மாட்ட வசதி இருக்கும். மலை உச்சியில் சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டினால் சாதாரண சைக்கிள் தயார். ஆனால் அப்போது கால் பிரேக் வேலை செய்யாது. முன்னும் பின்னும் கைப்பிரேக் இருந்தே தீரவேண்டும்.

இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. 1903-ல் தொடங்கிய பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் கியர் மாற்றும் கருவியை 1937-ல்தான் அனுமதித்தார்கள். அதுவரை மாவீரர்களே மலையடிவாரத்தில் இறங்கி, சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டிக்கொண்டுதான் ஓட்டினார்கள்.

மூன்றாவது வழி சுலபம். ஏறுவது சைக்கிளில், இறங்குவது வண்டியில். "70 வளைவு ஏறினேன்" என்று சொல்லிக்கொள்ளும் பெருமை அப்படியே இருக்கும். அதை வீட்டில் போய் சொல்ல ஆளும் இருப்பார்!

கொல்லிப்பாவை சிரித்தே ஆளை மயக்கிக் கொல்லுமாம். பழங்காலத்துக் கதை. பாதையும் அப்படித்தான். ஏறும்போது பேச்சும் சிரிப்புமாகப் போகும். இறங்கும்போதுதான் குணத்தைக் காட்டும்.

அதனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை காரவள்ளிக்குக் கிளம்பும் தம்பிமார்களே, கிண்டலும் கேலியும் தாராளமாக நடக்கட்டும். கிளம்பும் முன் முன்பிரேக்கை ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். கட்டை ரிம்மைப் பிடித்தால் புறப்படலாம். பிடிக்கவில்லை என்றாலோ, பிரேக்கே இல்லை என்றாலோ, பேசாமல் அடுத்த பஸ்சைப் பிடியுங்கள்!