இரைப்பை அறுவைக்குப் பின் அன்றாட உணவு

உடற்பருமனைக் குறைக்க இரைப்பையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு வீடு திரும்பியவரிடம், "இவ்வளவுதானா? இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்கள்" என்று சோறு போடுவது நம் வழக்கம். அந்தப் பரிவே அவருக்குத் துன்பமாகிவிடும். ஏன் தெரியுமா?

இத்தகைய சிகிச்சை ஒன்றில் இரைப்பையின் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். எஞ்சுவது குறுகிய குழாய் போன்ற பகுதியே. ஒரு கவளம் கூடினாலும் நெஞ்சை அடைக்கும், வாந்தி வரும்.

முதலில் நீராகாரம், பின்பு மசித்த உணவு, அதன்பின் மென்மையான உணவு. இப்படிப் படிப்படியாக வழக்கமான உணவுக்கு வர 6 முதல் 8 வாரங்கள் ஆகலாம். அப்போதும் சிறிய தட்டே போதும். நாளொன்றுக்குப் புரதம் 60 கிராமாவது தேவை. ஒரு முட்டையில் இருப்பதோ ஏறத்தாழ 6 கிராம். ஆகவே மீன், முட்டை, கோழி, பருப்பு முதலில், அடுத்துக் காய்கறி, இடமிருந்தால் கடைசியில் சோறு.

விடியற்காலையில் பால்வெட்டுக்குப் போகிறவர் அவித்த முட்டையைக் கையோடு கொண்டுபோகலாம். பட்டினி கிடந்து, பிறகு அள்ளி விழுங்கக் கூடாது. நன்றாக மென்று 20 நிமிடங்களாவது உண்ண வேண்டும். தண்ணீரை அரை மணி நேரம் கழித்துச் சிறுகச் சிறுகப் பருகலாம். கெட்டிப்பால் கலந்த இனிப்புத் தேநீர் சிலருக்குப் படபடப்பும் வியர்வையும் உண்டாக்கும்.

எடை குறைந்துவிட்டதென்று வைட்டமின், இரும்பு, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளை நிறுத்திவிடாதீர்கள். அவை ஆயுள் முழுதும் வேண்டும். இல்லையேல் சோகை பிடிக்கும், எலும்பு நலியும். வாந்தி ஓயாவிட்டால் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

தாய்மார்களே! அவர் தட்டை நகர்த்தி வைத்தால், உங்கள் சமையலைக் குறை சொல்கிறார் என்று எண்ண வேண்டாம். வயிறு போதும் என்கிறது. வற்புறுத்தாமல் இருப்பதே நீங்கள் செய்யும் பேருதவி.