மாலைக் கடலில் இழுவைப் படகுகள்

எங்கள் திசையன்விளைப் பக்கத்தில் தேரி மணலுக்கும் பனைமரத்துக்கும் குறைவில்லை. சற்றுத் தொலைவில் உவரிக் கடலும் உண்டு. ஆனால் அங்கே காணக் கிடைப்பவை மீனவர் படகுகளே. பெருங் கப்பல்களையும், அவற்றைக் கரை சேர்க்கும் இழுவைப் படகுகளையும் காண விரும்பும் நேயர்கள் தூத்துக்குடிக்குத்தான் செல்ல வேண்டும்.

யானையைப் பாகன் நடத்திச் செல்வதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? இதுவும் அத்தகைய காட்சியே. பாய்ந்து செல்லும் நீரே சுக்கானுக்குப் பலம் தருவது. துறைமுகத்துக்குள் கப்பல் வேகம் குறைந்ததும் அந்தப் பலம் போய்விடுகிறது. அப்போது சின்னஞ்சிறு உடலும் பேராற்றல் கொண்ட எஞ்சினும் உடைய இப்படகுகள் கயிற்றால் இழுத்தும், மூக்கால் முட்டியும் கப்பலைத் திருப்புகின்றன. கயிறு பக்கவாட்டில் இறுகிவிட்டால் படகு சில விநாடிகளில் கவிழ்ந்து போகும். ஆதலால் கயிற்றை உடனே கழற்றிவிடும் கொக்கியை நம்பியே மாலுமிகளின் உயிர் இருக்கிறது.

1906-ல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிய காலத்தில் தூத்துக்குடிக் கரையில் போதிய ஆழம் இல்லை. கப்பல்கள் சில மைலுக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும். சரக்கைத் தோணிகள் சுமந்து வரும். 1908-ல் அவரைச் சிறையிலிட்டது அந்நிய அரசாங்கம். 1974-ல் பெருந் துறைமுகமாக அறிவிக்கப்பட்ட புதிய துறைமுகம் 2011 முதல் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அன்று அவரை ஒடுக்கிய தேசத்தின் கப்பல் வந்தாலும், இன்று நம்மவர் பிடிக்கும் கயிற்றுக்குக் கட்டுப்பட்டே உள்ளே நுழைய வேண்டும்!

படமெடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இது கீழைக்கடல், மாலைச் சூரியன் நம் முதுகுக்குப் பின்னே மறைகிறான். ஆகவே கடைசி வெளிச்சம் படகின் உடல்மீது நேராக விழும். சூரியன் மறைந்த பிறகு கால் மணி நேரம் பொறுத்திருந்தால், வான ஒளியும் விளக்கொளியும் ஒத்து நிற்கும் வேளை வாய்க்கும். பின்னால் கட்டி இழுத்துச் செல்லும் படகின் பாய்மரக் கம்பத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வெள்ளை விளக்குகள் தெரியும். இழுவையின் நீளம் 200 மீட்டரைத் தாண்டினால் மூன்று. பின்புறம் வெள்ளை விளக்குக்கு மேலே மஞ்சள் விளக்கு எரியும். இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை.

காமிராவைக் கையில் பிடிக்காமல் மதிற்சுவரின்மேல் ஊன்றி வைப்பது நலம். படகு கப்பலோடு ஒட்டி அசையாமல் தாங்கி நிற்கும் தருணத்தைப் பிடியுங்கள். துறைமுக எல்லைக்குள் அனுமதியின்றிப் படமெடுக்கலாகாது. வெளியே கடற்கரையில் நின்றே பார்க்கலாம். குழந்தைகளையும் அழைத்துச் செல்லுங்கள். விளக்குகளை எண்ணச் சொல்லிக் கொடுங்கள்.